ஓடக்காரன் சொன்னது

கோப்பாய் வடக்கில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் ‘ஓடக்காரன் படம்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். அதன் இங்கிலீசுப் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஊரில் கரண்ட் இல்லாமல் ஏழு வருடம் ஆகியிருந்த நேரம், அப்போது சின்னப்பொடியனாக இருந்த டினேசின் தகப்பனார் ரிவியும் வீடியோ டெக்கும் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துவந்தபோது கூடவே வந்த கசற் அது. அவர் கேட்டது ஒரு சாமிப் படம். கடைக்காரன் உறையைப் பார்த்தான். தாடிக்காரக் கிழவர் ஒருவர் மேகத்தின்மேல் நின்று மின்னலை எறிந்துகொண்டிருந்தார். சாமிதானே என்று கொடுத்துவிட்டான்.

அது கிரேக்க நாட்டுச் சாமி என்பது படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் எழுந்து போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. மூன்று தலை நாய் ஒன்று குரைத்தது. வெண்கலத்தால் செய்த மாடு ஒன்று உயிர் பெற்று நடந்தது. களிமண் பொம்மையைக் கையால் நகர்த்தி நகர்த்தித்தான் அதைப் படம் பிடித்திருக்கிறார்கள் என்பது இன்றைக்குச் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். அன்றைக்கு அந்த மாடு தலையைத் திருப்பியபோது முன்வரிசைப் பெண்கள் பாயோடு பின்னுக்கு அரக்கினார்கள்.

ஒரே குறை, கதைப்பது ஒன்றும் விளங்கவில்லை. டினேசின் தகப்பனார் சுற்றிவரப் பார்த்து, சுவரோடு சாய்ந்து நின்ற செல்வத்துரையைப் பிடித்து இழுத்து ரிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். செல்வத்துரையின் தாயார் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவர். அந்த வீட்டில் கோழியைக்கூட இங்கிலீசில்தான் கலைப்பார்கள் என்று ஊரில் பகிடி. அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. கையில் ஒரு பூவரசங் கம்பை வைத்துக்கொண்டு, ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திக் கதை சொன்னான். வாயில் நுழையாத கிரேக்கப் பெயர்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, கதாநாயகனைத் ‘தம்பிக்காரன்’ என்றான்; காணாமற்போனவனைத் ‘தமையன்’ என்றான். கடலுக்குப் போய்த் திரும்பாத தமையனைத் தேடித் தம்பிக்காரன் செத்தவர்களின் உலகத்துக்கே போகிறான். அதுதான் கதை.

அங்கே ஒரு கறுத்த ஆறு. கரையில் ஓடக்காரன் நிற்கிறான். செத்தவர்கள் எல்லோரும் அவனுடைய ஓடத்தில்தான் அக்கரை போகவேண்டும். ஆகவே யார் செத்தார்கள், யார் சாகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தம்பிக்காரன் அவனுடைய காலைப் பிடித்து, என் தமையன் உன் ஓடத்தில் ஏறினானா என்று கேட்கிறான். ஓடக்காரன் ஆறுதலாகத் தலையை நிமிர்த்தி, “முதற்பனி விழுந்த இரவிலேயே ஏறிவிட்டான்” என்கிறான். ரிவிக்குப் பக்கத்தில் நின்ற செல்வத்துரைக்கு அது தெளிவாகக் கேட்டது.

அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தான். முன்வரிசையில் குணலட்சுமி இருந்தார். அவருடைய மகன் கஜானன், செல்வத்துரையோடு ஒரே ரியூட்டரியில் படித்தவன், ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு காலை சைக்கிளில் வெளிக்கிட்டுப் போனான். சந்தியில் ஆமிக்காரரின் சென்றிக் காவலரணில் அவனை மறித்து இறக்கியதைக் கண்டவர்கள் இரண்டு பேர். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் ஒருவருமில்லை. குணலட்சுமி அந்த நேரம் ரிவியைப் பார்க்கவில்லை. செல்வத்துரையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது நாற்பது பேர் அடைந்திருந்த அறையில் அவனுக்கு அந்த ஒரு முகந்தான் தெரிந்தது.

“‘இல்லை, உன்ரை தமையன் என்ரை ஓடத்திலை ஏறேல்லை’ எண்டு சொல்லுறான்,” என்று கத்தினான் செல்வத்துரை.

அறை முழுக்க மூச்சு விட்டது. யாரோ கை தட்டினார்கள். படத்தில் தம்பிக்காரன் முழங்காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். சந்தோசத்தில் அழுகிறான் என்று சனம் தானாகவே விளங்கிக்கொண்டது. பொய் ஒன்றோடு நின்றுவிடுமா? படத்தின் முடிவில் தம்பிக்காரன் கடற்கரையில் விறகடுக்கிக் கொளுத்துகிறான். அது தமையனுக்குச் செய்யும் கடைசிக் காரியம். “தமையன் வாற கப்பலுக்கு வழி தெரிய நெருப்பு மூட்டுறான்,” என்று அதையும் மாற்றிவிட்டான் செல்வத்துரை. மாற்றியபோது பெரிய புண்ணியம் செய்தவனைப் போல நெஞ்சு நிறைந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கசற் திரும்பிப் போகவில்லை. கடைக்காரன் குடும்பத்தோடு கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டான். அதனால் மண்ணெண்ணெய் கிடைத்த நாட்களில் எல்லாம், பின்னேர ஊரடங்குக்கு முன்னர், அதே அறையில் அதே படம். பத்துத் தரமாவது ஓடியிருக்கும். பத்துத் தரமும் செல்வத்துரை அதே பொய்யை அதே இடத்தில் சொன்னான். பத்துத் தரமும் குணலட்சுமி முன்வரிசையில் இருந்து அவனுடைய வாயைப் பார்த்தார்.

ஒரு படத்து வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுசி இருபத்தெட்டு வருடம் இருப்பாவா என்று நீங்கள் கேட்கலாம். வேறு எதைப் பிடிப்பது? குணலட்சுமி போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஆணைக்குழு என்று வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லி, கஜானனின் ஒரே புகைப்படத்தின் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒருவரும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேருக்கு நேரே ‘ஏறேல்லை’ என்று சொன்ன ஒரே ஆள் அந்த ஓடக்காரன். மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று கிராம சேவகர் படிவம் கொண்டுவந்த நாளில் குணலட்சுமி சிரித்துக்கொண்டே, “ஓடக்காரனே இல்லையெண்டவன், நீர் என்ன எழுதப் போறீர்?” என்று திருப்பி அனுப்பினார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முடிவுக்கு முன்னாலும் அந்தப் பகிடி வந்து நின்றது. புருசன் செத்தபோதும் வந்தது. வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு போய் இருக்கச் சொன்னபோதும் வந்தது.

செல்வத்துரைக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. யாழ்ப்பாண நகரத்தில், நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக இருக்கிறான். பிறப்பு, இறப்பு, கலியாணம், எல்லாச் சான்றிதழும் அவனுடைய கையால் இங்கிலீசாகித்தான் வெளிநாட்டுக்குப் போகின்றன. ஒரு சொல் பிசகமாட்டான் என்று பெயர். தகப்பனின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவான். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் என்னவென்று மனைவிக்குக்கூடத் தெரியாது. வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தை மாற்றிச் சொன்னவன், மிச்சம் எல்லாவற்றையும் நேராகச் சொல்லி அதைச் சமன்படுத்தப் பார்க்கிறான், வேறென்ன.

போன மார்கழியில் குணலட்சுமி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். காலையில் விழுந்தவரை மத்தியானம் பால்காரர்தான் கண்டார். இடுப்பு முறியவில்லை, முறிந்திருக்கலாம். கனடாவில் இருக்கும் மகள் வினோஜா அன்று இரவே செல்வத்துரையைக் கூப்பிட்டு அழுதாள். “அண்ணை, அறுபத்தொன்பது வயசு. இனித் தனிய விடேலாது. ஸ்பொன்சர் எல்லாம் நான் பாக்கிறன். நீங்கள் சொன்னால்தான் அம்மா கேப்பா.”

செல்வத்துரை சொன்னான். குணலட்சுமி அரை மனதோடு தலையாட்டினார். படிவம் நிரப்பவும் அவனே வந்தான். பிள்ளைகளின் விபரம் என்ற இடத்தில் குணலட்சுமி முதலில் கஜானனின் பெயரைச் சொன்னார்.

“இப்ப இருக்கிற விலாசம் கேட்டிருக்கு, அன்ரி.”

“கோப்பாய் வடக்கு எண்டு போடு.”

“தொழில்?”

“படிக்கிறான் எண்டு போடன்.”

இருந்திருந்தால் நாற்பத்தெட்டு வயது. ஒரு எழுத்துப் பிழைக்கு ஆளைத் திருப்பி அனுப்புகிறவன், ‘மாணவன்’ என்றே தட்டச்சில் அடித்தான்.

விசாவுக்குக் கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போகவேண்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது குணலட்சுமி பின்வாங்கத் தொடங்கினார். நான் போனால் அவன் வந்து யாரிடம் கேட்பான் என்றார். வினோஜா தொலைபேசியில் கத்தினாள், கெஞ்சினாள், இரண்டு நாள் எடுக்காமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. “ஓடக்காரன் சொன்னதை மறந்துபோனியே, தம்பி?” என்று செல்வத்துரையைக் கேட்டார் குணலட்சுமி. இந்த முறை சிரிக்கவில்லை.

அந்தக் கிழமைதான் டினேஸ் தன் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அன்றைக்குப் படம் காட்டிய வீட்டின் மகன், இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். “அண்ணை, எங்கடை ஓடக்காரன் படத்தைப் புதுசா எடுத்திருக்கிறாங்களாம்! தமிழிலை கதைக்குதாம். யாழ்ப்பாண ரவுண் தியேட்டரிலை சனிக்கிழமை போடுறாங்கள். குணலட்சுமி அன்ரிக்கும் சொல்லிப்போட்டன், அவ வெளிக்கிட்டு நிக்கிறா.”

செல்வத்துரை முதலில் பயந்தான். தமிழில் கதைக்குமென்றால் ஓடக்காரனும் தமிழில்தானே கதைப்பான். அறையைப் பூட்டிவிட்டுக் கணினியில் தேடினான். வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் புதுப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். பழசின் பெயரைக் கெடுக்க வந்த படம் என்றார்கள். ஆனால் கதை மாறவில்லை. இதிலும் தமையன் செத்தவன்தான், அதை ஓடக்காரன்தான் சொல்கிறான். வாசிக்க வாசிக்க, பயம் போய் வேறொன்று வந்தது. தன்னால் சொல்ல முடியாமற்போன வசனத்தை அந்தப் படமே சொல்லட்டும். குணலட்சுமி தன் காதால் கேட்கட்டும். அழட்டும். அழுது முடித்து, வியாழக்கிழமை கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் ஏறட்டும். தான் எட்ட நின்றுகொள்ளலாம். கோழையின் கணக்கு என்று அவனுக்கே தெரிந்திருந்தது. இருந்தாலும் இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வழி திறந்ததே என்று அன்று இரவு முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னான்.

சனிக்கிழமை பகற்காட்சி. குணலட்சுமி கோயிலுக்குப் போகிறவரைப் போல மாம்பழ நிறத்தில் நூற்சேலை உடுத்து வந்தார். வாசலில் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் படம் கிட்ட வருமாம். அவர் அதைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். உள்ளே இருபது பேர் இருந்திருப்பார்கள், எல்லாம் வாட்டசாட்டமான இளந்தாரிகள், சோளப்பொரிப் பெட்டிகளோடு. டினேஸ் ஒரு பக்கம், செல்வத்துரை மறுபக்கம், நடுவில் குணலட்சுமி.

படம் தொடங்கியதில் இருந்தே சரியில்லை. எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. வெண்கல மாடு வந்தது. ஆனால் அது மாடா ரயிலா என்று பார்ப்பதற்குள் பத்துத் துண்டாக வெட்டிக் காட்டிப் போய்விட்டார்கள். பழைய மாடு ஆறுதலாகத் தலையைத் திருப்பும், பார்க்கிறவனின் ஈரல்குலை நடுங்கும். இதில் ஆறுதல் என்ற பேச்சே இல்லை. மூன்று தலை நாயின் மூன்று தலையும் மூன்று விதமாகப் பகிடி விட்டன. காது அடைக்கிற அடிக்கு மேல் அடி. தாடிக்காரச் சாமி மின்னலை எறியும்போது மதுரைக்காரரைப் போலக் கதைத்தார்.

“என்னண்ணை இது?” என்றான் டினேஸ். “எங்கடை மாடு எவ்வளவு வடிவா நடக்கும்.”

“பொறு,” என்றார் குணலட்சுமி. “ஆறு வரட்டும்.”

ஆறு வந்தது. செல்வத்துரை கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குணலட்சுமியையே பார்த்தான். அவருடைய வாய் இலேசாகத் திறந்திருந்தது. இந்த நிமிசத்தில், இந்தப் படம் ஒரே ஒரு வசனத்தைச் சரியாகச் சொன்னால் போதும். மிச்சத்தை எல்லாம் மன்னித்துவிடலாம்.

ஓடக்காரன் ஒரு இளந்தாரி. மேற்சட்டை இல்லை, உடம்பு முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. தம்பிக்காரன் கேட்டவுடன் அவன் கண்ணடித்து, “உங்க அண்ணனா? அவரு எப்பவோ டிக்கெட் வாங்கிட்டாரு பாஸ்!” என்றான். இளந்தாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு புகை கிளம்பி, புகைக்குள்ளிருந்து தமையனின் முகம் வந்தது. மெழுகில் வார்த்த மாதிரி ஒரு முகம், வாய் ஒரு பக்கம் அசைய, குரல் இன்னொரு பக்கம் வந்தது. “தம்பி, நான் செத்துட்டேன்டா!” பின்வரிசையில் ஒருவன் அதையே திருப்பிச் சொன்னான். தியேட்டரே சிரித்தது.

குணலட்சுமி சிரிக்கவில்லை. அழவுமில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“பிழை,” என்றார், கொஞ்சம் உரக்கவே. “இது பிழை. ஓடக்காரன் இப்பிடிச் சொல்லேல்லை.”

“விசரங்கள், கதையையே மாத்திப் போட்டாங்கள், அன்ரி,” என்றான் டினேஸ். அவனுக்கு உண்மையாகவே கோபம். “‘உன்ரை தமையன் என்ரை ஓடத்திலை ஏறேல்லை.’ எனக்கு இண்டைக்கும் பாடம். பழசைப் பாக்காத ஆக்கள் எடுத்த படம் இது.”

“கப்பலுக்கு நெருப்பு மூட்டுறதையும் வெட்டியிருப்பாங்கள், பார்,” என்றார் குணலட்சுமி.

வெட்டவில்லை. கடைசியில் தம்பிக்காரன் தமையனின் உடலையே விறகின் மேல் வைத்துக் கொளுத்தினான். அதையும் பிழை என்று இருவரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். செல்வத்துரைக்கு ஆத்திரந்தான் வந்தது. இவ்வளவு கேவலமாக எடுத்த படத்தில் ஒரு உண்மை இருந்தால் அதை யார் நம்புவார்கள்? ஒழுங்காக எடுத்திருக்கக்கூடாதா, பாவிகள். அந்த ஓடக்காரன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஆறுதலாகத் தலையை நிமிர்த்திச் சொல்லியிருக்கக்கூடாதா.

வெளியில் வெயில் கொளுத்தியது. டினேஸ் இருவரையும் சந்தியில் இருந்த கூல்பாருக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தான். குணலட்சுமி கரண்டியால் ஓரத்தில் இருந்து சுரண்டிச் சாப்பிட்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கச் செல்வத்துரைக்குத் தாங்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது.

“அன்ரி, படம் பிழையில்லை. நான்தான் பிழையாச் சொன்னனான்.”

குணலட்சுமி நிமிர்ந்து பார்த்தார்.

“பழைய படத்திலையும் தமையன் செத்தவன்தான். ஓடக்காரன் ‘ஏறிட்டான்’ எண்டுதான் சொன்னவன். நான்தான் மாத்திச் சொன்னனான். அந்த நெருப்பும் கப்பலுக்கில்லை.”

“என்னண்ணை கதைக்கிறியள்?” என்றான் டினேஸ். “பத்துத் தரம் நான் பாத்தனான்.”

“பத்துத் தரமும் என்ரை வாயைத்தானே கேட்டனீ.”

குணலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தார். “வினோஜா சொல்லச் சொன்னவளோ?”

“இல்லை, அன்ரி.”

“என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போறதுக்கு இப்பிடிச் சொல்லுறாய்.”

செல்வத்துரை தொலைபேசியை எடுத்துப் பழைய படத்தைத் தேடினான். அந்த இடத்துக்குக் கொண்டுபோய் மேசையில் சாய்த்து வைத்தான். கறுத்த ஆறு. நரைத்த தாடியோடு, ஆறுதலாகத் தலையை நிமிர்த்தும் பழைய ஓடக்காரன். அவனைக் கண்டதும் குணலட்சுமி சொந்தக்காரரைக் கண்டதுபோல முன்னுக்குக் குனிந்தார். “இவன்தான். இவன் நல்லவன்,” என்றார். ஓடக்காரன் சொன்னான். செல்வத்துரை அதைத் தமிழில் சொன்னான், ஒரு சொல் பிசகாமல். முதற்பனி விழுந்த இரவிலேயே ஏறிவிட்டான். பிறகு, “ஆண்டவர் சத்தியமா இதுதான் அன்ரி அவன் சொன்னது,” என்றான்.

செல்வத்துரை பேச்சுக்கு ஆண்டவர்மேல் சத்தியம் பண்ணுகிற ஆள் இல்லை என்பது கோப்பாய்க்கே தெரியும். குணலட்சுமி அந்தச் சின்னத் திரையை நெடுநேரம் பார்த்தார். ஐஸ்கிறீம் உருகி வழிந்தது. இதோ உடையப் போகிறார் என்று நினைத்துச் செல்வத்துரை கைலேஞ்சியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான். பயமாக இருந்தது. ஆனால் எங்கேயோ ஒரு மூலையில் சுமை இறங்கியதுபோலவும் இருந்தது.

“அப்ப ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீ?” என்று கேட்டார்.

“சொல்லத்தான் வாயைத் திறந்தனான். நீங்கள் முன்னுக்கு இருந்தியள். உங்கடை முகத்தைப் பாத்தன். எனக்கு… வாய் வரேல்லை, அன்ரி.”

“உனக்கு வாய் வரேல்லை.”

“ஓம்.”

“வேறை ஒண்டுதான் வந்தது.”

“ஓம், அன்ரி. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

குணலட்சுமி அவனுடைய கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

“ஏன்ரா தம்பி மன்னிப்பு? இவ்வளவு காலமும் எனக்குள்ளை ஒரு ஐமிச்சம் இருந்தது. ஒருத்தருக்கும் சொன்னதில்லை. எங்கையோ இருக்கிற வெள்ளைக்காரன் எழுதின வசனம், அது எங்கடை பிள்ளைக்கு எப்பிடிப் பொருந்தும், நான் என்ன விசரியோ எண்டு படுத்துக் கிடந்து யோசிச்சிருக்கிறன். இப்பதான் எல்லாம் விளங்குது. அது படத்திலை இல்லவேயில்லை. வெள்ளைக்காரன் எழுதேல்லை. என்ரை முகத்தைப் பாத்து, எனக்கெண்டே உன்ரை வாயிலை வந்திருக்கு. அவன் செத்திருந்தா அப்பிடி வந்திராது.”

“அன்ரி, அது நான் இரக்கத்திலை…”

“உனக்கு என்ன தெரியும். நீ அப்ப பொடியன். உன்னைச் சொல்ல வைச்சது ஆரெண்டு உனக்கே தெரியாது.”

செல்வத்துரை டினேசைப் பார்த்தான். டினேசின் கண் கலங்கியிருந்தது. அவன் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான், ஓம் ஓம் என்று. இனி நாளைக்கே இது கோப்பாய் முழுக்கப் பரவும். பொய் என்று சொல்லியும் பார்த்தாயிற்று, சத்தியம் பண்ணியும் பார்த்தாயிற்று. கையில் வேறு ஒன்றுமில்லை. தமிழிலும் இல்லை, இங்கிலீசிலும் இல்லை.

“டினேஸ், அந்த வான்காரனுக்குச் சொல்லிவிடு,” என்றார் குணலட்சுமி. “வியாழக்கிழமை இடம் வேண்டாம்.”

அப்போதுதான் செல்வத்துரையின் தொலைபேசி அடித்தது. கனடாவில் விடியற்காலை, தாய் படத்துக்குப் போவதை அறிந்திருந்த வினோஜா நித்திரை கொள்ளாமல் காத்திருந்திருக்கிறாள். குணலட்சுமியே எட்டி அழுத்தி, சத்தத்தை வெளியில் கேட்க வைத்தார்.

“அண்ணை, படம் பாத்தாச்சோ? அம்மா என்ன சொல்லுறா?”

“நான்தான் பிள்ளை. நான் இப்ப வரேல்லை. குறை நினையாதை. அண்ணா வந்தாப்பிறகு ரெண்டு பேருமா வாறம்.”

வழக்கமாக இந்த இடத்தில் வினோஜா கத்துவாள். இன்றைக்குக் கத்தவில்லை. களைத்துப்போன சின்னப்பிள்ளையின் குரலில் கேட்டாள். “அவன் எப்பம்மா வருவான்?”

இருபத்தெட்டு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

குணலட்சுமி தொலைபேசியைச் செல்வத்துரையின் பக்கம் தள்ளினார். பிறகு மேசைக்கு மேலால் குனிந்து, அவனுடைய வாயைப் பார்த்தார்.

“பிள்ளை கேக்கிறாள், சொல்லு தம்பி,” என்றார். “அது உனக்குத்தான் வரும்.”

டினேசும் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வத்துரை வாயைத் திறந்தான். தொலைபேசிக்குள் வினோஜா, “அண்ணை, லைனிலை நிக்கிறியளோ? அண்ணை?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.